ரோட்டரி எஞ்சினா, பிஸ்டன் எஞ்சினா: எந்தப் பயன்பாட்டுக்கு எது?

ரோட்டரி எஞ்சின் பொருத்திய கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது அதன் வேகத்தையும் ஒலியையும் பற்றித்தான். அதை எப்படி ஓட்டப் போகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகே எழுகிறது. வரிசையை மாற்றிக் கேட்டால் முடிவெடுப்பது எளிது. இந்த எஞ்சினின் நிறைகளும் குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை அல்ல. இரண்டையும் பெற்றெடுத்தது அதன் வடிவம்தான். ஆகவே நிறைகளை வைத்துக்கொண்டு குறைகளை மட்டும் பழுதுபார்த்து நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் வாங்குபவர் ஏமாற்றமே அடைவார். குறைகள் தலைகாட்டாத பயன்பாடு தமக்கு வாய்க்குமா என்று பார்ப்பதே அவர் செய்யக்கூடியது.

ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல், என்.எஸ்.யு. என்ற ஜெர்மானிய வாகன நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் 1957-இல் சோதனை மேடையில் முதன்முதலாக ஓடியது. இன்று நாம் அறிந்த அமைப்பு வாங்கெலுடையது என்பதைவிட, அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கேயுடையது என்பதே பொருத்தம். வாங்கெலின் மூல அமைப்பில் ரோட்டார் எனும் உட்பாகத்தோடு அதைச் சூழ்ந்த கூடும் சேர்ந்து சுழன்றது. அதில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டாரை மட்டும் மையம் விலகிய ஒரு தண்டின் மேல் சுற்ற விட்டார். வாங்கெலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை என்றாலும், உற்பத்திக்கு வந்தது அதுதான்.

இடுப்பில் லேசாக ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள், பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுழல்கிறது; அதுதான் ரோட்டார். அதன் மூன்று முனைகளும் கூட்டின் உட்சுவரை எப்போதும் தொட்டபடியே நகர்வதால், சுவருக்கும் முக்கோணத்தின் பக்கங்களுக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் அறையும் விரிந்தும் சுருங்கியும் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு கட்டங்களையும் கடக்கிறது. ரோட்டார் ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது. எனவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டாரிலிருந்து ஓர் எரிப்பு கிடைக்கிறது. நான்கு கட்டப் பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். எரிப்புகளின் எண்ணிக்கையில் ஒரு ரோட்டார் இரண்டு சிலிண்டருக்கு ஈடு என்பது இப்படித்தான் வருகிறது. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. ரோட்டாரே நகர்ந்து துளைகளைத் திறந்து மூடிவிடுகிறது. இரட்டை ரோட்டார் எஞ்சின் ஒன்றில் முதன்மையான அசையும் பாகங்கள் மூன்றே: இரண்டு ரோட்டார்கள், ஒரு தண்டு.

இதனால் கிடைக்கும் ஆதாயம் என்ன என்பதை நேருக்கு நேர் ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பது நல்லது. மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காரின் ரெனெசிஸ் எஞ்சின் 1308 சி.சி. கொள்ளளவு கொண்டது, ஜப்பானில் விற்ற உயர்நிலை வகையில் நிமிடத்துக்கு 8500 சுழற்சியில் 250 குதிரைத்திறனைத் தந்தது. அதே காலத்து ஹோண்டா எஸ்2000, டர்போ இல்லாத பிஸ்டன் எஞ்சின்களில் அன்றைக்கு ஈடு சொல்ல முடியாத ஒன்று, 1997 சி.சி.யில், 8300 சுழற்சியில், அதுவும் 250 குதிரைத்திறனே தந்தது. 1.3 லிட்டர் 2 லிட்டரை எட்டிப்பிடித்துவிட்டது என்று ரோட்டரி அன்பர்கள் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஆனால் ரோட்டரியின் கொள்ளளவைக் கணக்கிடும்போது ஒவ்வொரு ரோட்டாரிலும் ஓர் அறையை மட்டுமே எண்ணுகிறார்கள். ஜப்பானின் வாகன வரிக் கணக்கில் இதே கொள்ளளவு ஒன்றரையால் பெருக்கப்படுகிறது. 1308-ஐ அப்படிப் பெருக்கினால் 1962 சி.சி. வருகிறது. தண்டின் ஒரு சுற்றுக்கு உள்ளிழுக்கும் கலவையை வைத்துக் கணக்கிட்டால் பெருக்க வேண்டியது இரண்டால்; அப்போது 2616 சி.சி. வருகிறது. காற்றையும் எரிபொருளையும் விழுங்கும் அளவில் ரெனெசிஸ் ஒரு 2.6 லிட்டர் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால்தான் அதன் எரிபொருள் செலவைப் பார்த்து யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

அப்படியானால் அற்புதம் திறனில் இல்லை. அளவிலும் அமைதியிலும் இருக்கிறது. அந்தத் திறனைத் தரும் பொருள் உயரம் குறைவாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், அதை முன் அச்சுக்குப் பின்னால், தரையை ஒட்டித் தாழ வைக்க முடிகிறது. நான்கு பேர் உட்காரும் ஆர்.எக்ஸ்.-8, முன்னும் பின்னும் சரிபாதியாக எடையைப் பகிர்ந்துகொண்டு வளைவுகளில் அத்தனை இயல்பாகத் திரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேலும் கீழும் போய் நின்று திரும்பும் எடை எதுவும் உள்ளே இல்லாததால் அதிர்வும் மிகக் குறைவு. சுழற்சி ஏற ஏறப் பிஸ்டன் எஞ்சின் தரும் இரைச்சலும் நடுக்கமும் ஓட்டுநருக்கு ஒரு வகையில் எச்சரிக்கை; ரோட்டரியில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை என்பதால்தான், ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கும்போது பீப் ஒலி எழுப்பும் கருவியை மாஸ்டா பொருத்தியது. ஓட்டிப் பார்த்தவர்கள் இந்த எஞ்சினை விட மனமின்றி நிற்பதற்கு இந்த வழுக்கலான சுழற்சியே காரணம். அதை வெறும் மயக்கம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

இனி இந்த நிறைகளுக்குக் கொடுக்கும் விலை. எரியும் அறையின் வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் எரிப்பு நடக்கும் தருணத்தில் அறை ஏறத்தாழக் கச்சிதமான ஒரு வட்டு; ரோட்டரியில் அது நீண்டு தட்டையான, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பிளவு. கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு மிக அதிகம். எரியும் வாயுவின் வெப்பம் வேலையாக மாறுவதற்கு முன்பே சுவர் வழியாகக் குளிர்நீருக்குப் போய்விடுகிறது. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் தீ அணைந்துவிடுகிறது. நீண்ட அறையின் பின்முனையைத் தீ சென்று சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு ரோட்டாருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை, முன்னதற்கும் பின்னதற்கும் சிறு நேர இடைவெளி விட்டு, மாஸ்டா வைத்தது இதற்காகத்தான். அப்படியும் எரியாத ஹைட்ரோகார்பன் புகைக்குழாயில் வெளியேறத்தான் செய்கிறது. எரிப்பின் வெப்பநிலை தணிந்திருப்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவு என்பது உண்மை. ஆனால் உமிழ்வு விதிகள் இரண்டையும் தனித்தனியே அளக்கின்றனவே தவிர ஒன்றுக்கு மற்றதைக் கழித்துக்கொள்வதில்லை. ஆர்.எக்ஸ்.-8 ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2010-இல் விலகியது யூரோ 5 விதியைத் தாண்ட முடியாமல்தான். 2012-இல் உற்பத்தியே நின்றது. எரிபொருள் கணக்கில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆர்.எக்ஸ்.-8-க்குத் தந்த ஒருங்கிணைந்த அளவு கேலனுக்கு 18 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டர். நெரிசலில் இதைவிடக் குறையும்.

அடுத்தது சீல்கள், அதாவது அறைகளின் வாயு கசியாமல் அடைக்கும் பட்டைகள். பிஸ்டனின் வளையங்கள் வட்டமான, ஒரே சீரான சுவரில் ஓடுகின்றன. அவற்றுக்குத் தேவையான எண்ணெய் கீழிருந்து தானாகவே வந்து சேர்கிறது. ரோட்டாரின் ஒவ்வொரு முனையிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல் இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள ஒரு பட்டை. அது சுவரில் சாயும் கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது. சுவரும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை: கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் குளிர்ந்த கலவை நுழைகிறது, மறுபக்கத்தில் எப்போதும் எரிப்பு நடக்கிறது, அதனால் கூடே லேசாகக் கோணிக்கொள்ளப் பார்க்கிறது. அந்தச் சீலுக்கு உயவு கொடுக்க வேண்டும் என்றால் எண்ணெயை எரியும் அறைக்குள்ளேயே சொட்டுச் சொட்டாகச் செலுத்தியாக வேண்டும். ஆகவே ரோட்டரி எண்ணெய் குடிக்கிறது என்பது பழுதின் அடையாளம் அன்று, அது வடிவமைப்பு. குடிக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறையாவது எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்க்கும் வழக்கம் இல்லாதவருக்கு இந்த எஞ்சின் ஒத்துவராது.

இந்தச் சீல் விவகாரத்தில் ஒரு நிறுவனமே மூழ்கியது. என்.எஸ்.யு. 1967-இல் வெளியிட்ட ரோ 80, மறு ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற அழகான வண்டி. ஆனால் சீல்கள் தேய்ந்து எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் தாங்கள் எத்தனையாவது எஞ்சினில் ஓடுகிறோம் என்று விரல் காட்டிக்கொள்வார்கள் என்றொரு கிண்டல் அக்காலத்தில் உண்டு. உத்தரவாதச் செலவில் நொடித்த நிறுவனம் 1969-இல் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போனது. ஹிரோஷிமாவில், மாஸ்டா நிறுவனத்தில், இதே சிக்கலை எதிர்கொண்டவர்கள் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள். அதிர்ந்து துள்ளிய சீல்கள் குரோமியம் பூசிய சுவரில் உழுதுவிட்டுப் போன கோடுகளுக்குப் பிசாசின் நகக்கீறல் என்று பெயரிட்டு, சீலின் பொருளை மாற்றி மாற்றி, கடைசியில் அலுமினியம் ஊட்டிய கார்பனில் விடை கண்டார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது அதன் பலன். 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, சீலைச் சரிசெய்தவர்களுக்கும் எரிபொருள் பசியைச் சரிசெய்ய வழியில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரோட்டரித் திட்டத்தை மறு ஆண்டே ஓரங்கட்டியது. மாஸ்டா மட்டும் பிடிவாதமாக நின்றது.

மாஸ்டாவின் 787பி, நான்கு ரோட்டார்களோடு 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 362 சுற்றுகள் ஓடி வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே பெற்ற முதல் வெற்றி அது. ரோட்டரி உழைக்காது என்ற பேச்சுக்கு இது பதில் என்று பலர் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இதில் வேறொன்றே தெரிகிறது. ஒரு முறை சூடேறி, ஒரு நாள் முழுதும் உயர்ந்த சுழற்சியில் ஓயாமல் ஓடுவதுதான் இந்த எஞ்சினுக்கு மிக உவப்பான வாழ்க்கை. வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கடைக்குப் போய் அணைத்து, அரை மணி கழித்து மறுபடி இயக்கி வீடு திரும்புவது, லெ மானைவிடக் கடுமையான சோதனை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்கும். அது சுவரில் படிந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் உயவின்றி ஈரமான சீல்களால் அழுத்தத்தைப் பிடிக்க முடியாது. கழுவுவதற்காக வாசலில் நின்ற ஆர்.எக்ஸ்.-8-ஐப் பத்தடி நகர்த்தி உடனே அணைத்தவர்கள், மறுமுறை சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதே தவிர உயிர் பெறவில்லை என்று திகைத்த கதை இந்தக் காரின் உரிமையாளர்களிடையே சாதாரணம். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரை இயக்கினால் பெட்ரோல் செல்வது நின்று, தேங்கியது வெளியேறும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பழையவை என்றால் அதுவும் நடக்காது.

ஆகவே ஒரே கார் வைத்திருப்பவர், தினமும் குறுந்தொலைவு போய் வருபவர், எண்ணெய் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் ஆகிய மூவருக்கும் பிஸ்டன் எஞ்சினே சரி. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதே விலைக்கு அதே அளவு ஓட்டும் இன்பம் வேண்டும் என்றால் எடை குறைந்த பிஸ்டன் விளையாட்டுக் கார்கள் இருக்கின்றன, மாஸ்டாவின் எம்.எக்ஸ்.-5 அவற்றில் முதலில் நினைவுக்கு வருவது. பழுது வந்தாலும் பிஸ்டன் எஞ்சின் படிப்படியாகப் பிரித்துச் சரிசெய்ய இடம் தருகிறது: வால்வுக் கோளாறுக்குத் தலைப்பகுதியை மட்டும் கழற்றலாம். ரோட்டரியில் ஒரு சீல் போனால் எஞ்சினையே வெளியே எடுத்து அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். பாகங்கள் குறைவு என்பதால் கைப்பழக்கம் உள்ளவருக்கு வேலை கடினமன்று. ஆனால் உட்சுவரின் பூச்சு உரிந்திருந்தால் கூட்டையே மாற்ற வேண்டிவரும், செலவு கையைக் கடிப்பது அங்கேதான். கைப்பழக்கம் உள்ளவரைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிப் பாடு.

இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது காராக, வார இறுதிகளில் நெடுந்தூரம் ஓட்டுவதற்காக ரோட்டரிதான் வேண்டும் என்பவர் மாஸ்டாவின் முந்தைய ரோட்டரிக் காரான ஆர்.எக்ஸ்.-7-க்கும் ஆர்.எக்ஸ்.-8-க்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டும். 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்.-7 எடை குறைந்தது, இரட்டை டர்போ கொண்டது, பார்க்கவும் அழகு. ஆனால் டர்போவின் அழுத்தமும் வெப்பமும் ஏற்கெனவே நொய்மையான சீலின் மேல் ஏறுகின்றன. அதன் டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் வெற்றிடக் குழாய்களின் வலை, வயதாக ஆக ரப்பர் இறுகி விரிசல் விடும் ஒரு புதிர்க்காடு. யாரோ முந்தைய உரிமையாளர் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டிய வண்டி என்றால் விலகிவிடுவதே நல்லது. ஆர்.எக்ஸ்.-8-இல் டர்போ இல்லை. வெளியேற்றும் துளைகளைக் கூட்டின் வளைசுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றியதால், உள்ளே வரும் கலவையும் வெளியேறும் புகையும் கலப்பது நின்று உமிழ்வு கணிசமாகக் குறைந்தது. 2003-இல் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருது கிடைத்ததும் இதற்காகவே. அந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு: மெதுவாகவே ஓட்டப்படும் எஞ்சினில் கரி சேர்ந்து பக்கச் சீல்கள் சிக்கிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான வண்டிகளின் எஞ்சினுக்கு உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று மாஸ்டாவே நீட்டிக்க நேர்ந்தது. 2009-இன் திருத்திய வடிவத்தில் எண்ணெய் செலுத்தும் ஏற்பாடு மேம்பட்டது. இரண்டும் கிடைக்கும் நிலையில் பிந்தையதை எடுப்பதே அறிவு. என் சாய்வு ஆர்.எக்ஸ்.-8-இன் பக்கம், சேகரிப்பவர்களுக்கு அது கசப்பாக இருக்கலாம்.

மூன்றாவது வழி ஒன்று அண்மையில் திறந்தது. ரோட்டரியைச் சக்கரங்களோடு இணைக்காமல், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை மட்டும் சுழற்ற விடுவது. மாஸ்டா 2023-இல் காட்டிய எம்.எக்ஸ்.-30 ஆர்-இ.வி. காரில் 17.8 கிலோவாட்-மணி பேட்டரியும், 830 சி.சி. ஒற்றை ரோட்டாரும், 50 லிட்டர் பெட்ரோல் தொட்டியும் உள்ளன. முதல் 85 கிலோமீட்டர் வரை எஞ்சின் விழிக்க வேண்டியதே இல்லை. ஏபெக்ஸ் சீலை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகத் தடிமனாக்கி, பெட்ரோலை நேரடியாகச் செலுத்தி, பக்கக்கூடுகளை அலுமினியத்தில் வார்த்திருக்கிறார்கள். மோட்டாரும் ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே அச்சில் வரிசையாக அடங்கிவிடுவது ரோட்டரியின் ஒல்லியான உடலால் கைகூடிய வசதி. சுழற்சியைத் தேவைக்கேற்பக் கணினி வைத்துக்கொள்வதால் குளிரில் இயக்கி உடனே அணைக்கும் கொடுமையும் குறைகிறது. கொள்கை அளவில் இதைவிடப் பொருத்தமான வேலை ரோட்டரிக்கு அமையாது.

ஆயினும் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். இதே வேலைக்கு பி.எம்.டபிள்யூ. தன் ஐ3 காரில் வைத்தது ஸ்கூட்டரிலிருந்து எடுத்த 647 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். தண்டின் ஒரு சுற்றுக்கு ஓர் எரிப்பு என்ற கணக்கில் ஒற்றை ரோட்டாரும் இரட்டைச் சிலிண்டரும் சமம். அதிர்வில் ரோட்டரி முந்தினாலும், அடைத்த கதவுக்குள் இருப்பவருக்கு அந்த வேறுபாடு சிறிதுதான். நீண்ட பயணத்தில் பேட்டரி தீர்ந்து எஞ்சினே எல்லாம் சுமக்கும்போது எரிபொருள் கணக்கு முழுவதும் அந்த நீண்ட தட்டை அறையின் கையில் போய்விடுகிறது. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவருக்கு ஒரு நல்ல பிஸ்டன் ஹைபிரிட் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். தினசரி ஓட்டம் பேட்டரிக்குள் அடங்கிவிடும், எப்போதாவது மட்டும் வெளியூர் என்பவருக்கே ஆர்-இ.வி. பொருந்தும்.

பிஸ்டன் தெளிவாகத் தோற்கும் களம் தரையில் இல்லை. தானாக மேலெழும் ஷ்லைஷர் ஏ.எஸ்.எச். 26 இ கிளைடரின் உடலுக்குள் அடங்கியிருப்பது ஏறக்குறைய 50 குதிரைத்திறன் கொண்ட ஓர் ஒற்றை ரோட்டார். பல ஆளில்லா விமானங்களிலும் அதுவே. அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு, எஞ்சின் சீரான சுழற்சியில் ஓடுகிறது, மொத்த ஓட்ட நேரமும் அளவானது. ரோட்டரி கேட்கும் எல்லா நிபந்தனைகளும் அங்கே தாமாகவே நிறைவேறிவிடுகின்றன.

காரைத்தான் வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்தவர் ஒரே ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. சாதாரண அழுத்தமானியை ஸ்பார்க் பிளக் துளையில் வைத்துப் பார்ப்பது போதாது; ஒரு ரோட்டாருக்கு மூன்று முகங்கள் இருப்பதால் அது மூன்றில் உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும், கெட்டுப்போன முகம் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியே பதிவு செய்யும் ரோட்டரிக்கான கருவியால், எஞ்சின் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டும். ரெனெசிஸுக்கு 250 சுழற்சியில் புதிய நிலை அளவு 830 கிலோபாஸ்கல். 680-க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். ஒரே ரோட்டாரின் முகங்களுக்கு இடையே 150-க்கு மேலும், இரண்டு ரோட்டார்களுக்கு இடையே 100-க்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. ஆறு எண்களும் உள்ள அந்தத் தாளைக் காட்ட விற்பவர் தயங்கினால், எஞ்சினைப் புதிதாகக் கட்டும் செலவை முழுதாகக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.